டேப் ரெக்கார்டர்தான் என் வாத்தியார்

பியானோவைத் தானாகவே கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, வாசிப்பதை எதில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்று. வாத்தியார் இல்லாமல் கற்பவருக்கு அதுதான் முக்கியமான கருவி. வாசிக்கும்போது காது விரல்களின் பின்னாலேயே போய்விடுகிறது. அடுத்தது எந்தக் கட்டை என்பதில்தான் முழுக் கவனமும் இருக்கும். உண்மையில் என்ன ஒலித்தது என்பது பிறகு உட்கார்ந்து கேட்கும்போதுதான் தெரியும். வங்கி வேலை, இடமாற்றம், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிய வாழ்க்கையில் நான் வாசிக்கவும் மெட்டமைக்கவும் பழகியது இந்த ஒரே வழியில்தான்.

பாளையங்கோட்டையில் வளர்ந்தவள் நான். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பியானோ கிடையாது. காலால் மிதித்துக் காற்றடைக்கும் பெரிய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. கை ஆர்மோனியம் வாசிப்பவரின் இடது கை துருத்தியிலேயே கழிந்துவிடும். இதில் காற்று வேலையைக் கால் பார்த்துக்கொள்வதால் இரண்டு கைக்கும் கட்டைகளில் வேலை உண்டு. சனிக்கிழமை கொயர் (பாடகர் குழு) பயிற்சி முடிந்ததும், அதை வாசிக்கும் தாத்தா என்னைக் கொஞ்ச நேரம் உட்கார விடுவார். "மிதிக்கிறத மட்டும் நிறுத்திராத பிள்ள, பாட்டுக்கு மூச்சு வாங்கிரும்" என்பார். அவர் சொல்லித்தந்தது அவ்வளவுதான். எந்த விரல் எங்கே என்று அவரும் யாரிடமும் கற்றவர் இல்லை.

கொயரில் நான் ஆல்ட்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே வரும் பெண் குரல். சோல்ஃபா குறியீட்டில், டோ ரே மீ என்று எழுதிய தாளைப் பார்த்துப் பாடுவோம். இதில் டோ என்பது பாட்டின் சுருதிக்கு ஏற்ப இடம் மாறும். நம் ஷட்ஜமும், அதாவது ச-வும், அப்படித்தான் என்பதால் பக்கத்து வீட்டு வாய்ப்பாட்டு வகுப்பைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. ஆல்ட்டோ பாடியதில் எனக்குக் கிடைத்தது பெரிது. மெட்டைப் பாடுபவருக்கு மெட்டு மட்டும் போதும். நடுக்குரல் பாடுபவர் மேலே போகும் மெட்டையும் கீழே நடக்கும் பேஸையும் கேட்டுக்கொண்டே தன் சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். பின்னாளில் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது, என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்தபோது, அது நான்கு பேர் சேர்ந்து நிற்பதாகவே எனக்குப் புரிந்தது. ஹார்மனி கற்க விரும்புகிறவர்களுக்கு என் முதல் யோசனை, ஏதாவது ஒரு கொயரில் சேர்ந்து மெட்டில்லாத குரலைப் பாடுங்கள். புத்தகத்தில் மாதக்கணக்கில் படிப்பது அங்கே காதில் ஏறிவிடும்.

எண்பதுகளில் துபாயிலிருந்து மாமா ஒரு குட்டி கேசியோ கொண்டுவந்தார். விரல்நுனி அகலமே உள்ள கட்டைகள். ஒரே நேரத்தில் நான்கு சுரம்தான் ஒலிக்கும். ஐந்தாவதை அழுத்தினால் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும் ஒன்று நின்றுபோகும். விளையாட்டுச் சாமான் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது நான்கு பேர் கொண்ட கொயர். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு சுரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும். எதை விட்டால் பாட்டு குறையாது, எதை விட்டால் சரிந்துவிடும் என்று அந்தப் பெட்டி ஒவ்வொரு மாலையும் கேட்டது. இப்போது எத்தனை சுரம் வேண்டுமானாலும் ஒலிக்கும் கருவி இருந்தும், புது மெட்டுக்கு முதலில் நான்கு குரலில்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அந்தக் கேசியோவுக்குப் பக்கத்தில் அப்பாவின் டேப் ரெக்கார்டரை வைத்து அழுத்தினேன். உள்ளேயே மைக் இருக்கும் மோனோ பெட்டி அது. அதுபோன்ற பெட்டிகளில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. சத்தமாக வாசித்தால் அமுக்கும், வாசிப்பு நின்றால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை மேலே தூக்கும். பேட்டரி தீரத் தொடங்கினால் நாடா மெதுவாக ஓடும். அப்படிப் பதிந்ததைப் புது பேட்டரியில் கேட்டால் சுருதியும் வேகமும் ஏறி வேறு பாட்டாக ஒலிக்கும். ஆனாலும் அது பொய் சொல்லாத வாத்தியார். எளிதான இடத்தில் ஓடுவேன், கடினமான இடத்தில் இழுப்பேன் என்று முதல் நாடாவே சொல்லிவிட்டது. எந்த மெட்டைத் தொடங்கினாலும் ஒரே மாதிரி இறங்கி ஒரே இடத்தில் முடிக்கிறேன் என்று அடுத்தடுத்த நாடாக்கள் சொல்லின.

அங்கேதான் எனக்குள் இசையமைப்பு தொடங்கியது. முடிவு அலுத்துப்போனதால் முடிவை மாற்றினேன். முடிவை மாற்றியதும் அதற்கு முந்தின வரி பொருந்தவில்லை, அதையும் மாற்றினேன். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு ரெக்கார்டரை வாங்கிவந்து, ஒன்றில் பழைய நாடாவை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டாவதில் பதிவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் இரைச்சல் கூடும். மூன்றாவது சுற்றில் மழைக்கு நடுவே யாரோ வாசிப்பதுபோல் இருக்கும். அதனால் எதை முதலில் பதிவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருந்தது. முக்கியமான மெட்டு எப்போதும் கடைசிச் சுற்றில். இன்று கணினியில் ட்ராக்குகளுக்குக் கணக்கே இல்லை, ஆனால் அந்த யோசனை எனக்கு இன்றும் பயன்படுகிறது.

சரி, எதை வாசிப்பது? ராகங்கள் தெரியாமல் மேற்கத்திய ஸ்கேல்களோடு மட்டும் கீபோர்டுக்கு வருபவர்களுக்கு நான் காட்டுவது கறுப்புக் கட்டைகளைத்தான். வெள்ளையைத் தொடாமல் கறுப்பு ஐந்தை மட்டும் வாசியுங்கள். நாலரைக் கட்டையை, அதாவது எஃப் ஷார்ப்பை, ஷட்ஜமாக வைத்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகளில் ஐந்தரையை (ஜி ஷார்ப்) ஷட்ஜமாக்கினால் மத்யமாவதி. ஆறரையில் (ஏ ஷார்ப்) ஹிந்தோளம். ஒன்றரையில் (சி ஷார்ப்) சுத்த சாவேரி. இரண்டரையில் (டி ஷார்ப்) சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று வித்வான்கள் மேடையில் செய்து காட்டுவது இதைத்தான். நான் இதை யாரும் சொல்லாமல் கேசியோவில் கண்டேன். ஒரே ஐந்து கட்டை, எங்கே வந்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்து ஐந்து முகம். மெட்டமைப்பதில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய பாடம் இது. சுரங்களைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறோம் என்பதுதான் மெட்டு.

அப்புறம் இடது கை. பியானோ கற்ற பலரும் வலது கையில் ராகமும் இடது கையில் பழகிய கார்டுகளுமாக வாசிப்பார்கள். பதிவைக் கேட்டால் ஏதோ இடிக்கும், எங்கே என்று தெரியாது. ஹிந்தோளத்தில் பஞ்சமம் (ப) கிடையாது. அதனால்தான் அதற்குத் தம்பூராவைக்கூட மத்யமத்துக்கு (ம) சேர்க்கிறார்கள். ஆனால் இடது கை பழக்கத்தில் ஷட்ஜமம், பஞ்சமம் என்று அழுத்தினால் அந்த இடத்திலேயே ராகம் கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு ராகத்துக்கும் அதற்குள்ளேயே எந்தெந்த மூன்று சுரக் கார்டுகள் கிடைக்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்வேன். சி என்ற சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டால் மோகனத்துக்கு சி மேஜரும் ஏ மைனரும் மட்டும்தான். ஹம்சத்வனிக்கு சி மேஜர், ஈ மைனர், ஜி மேஜர் என்று மூன்று. ஹிந்தோளத்துக்கு எஃப் மைனரும் ஏ ஃப்ளாட் மேஜரும். ஷட்ஜமத்தின்மேல் கார்டே அமையாது, அதனால் இடது கை அங்கே ஒற்றைச் சுரமாகத்தான் இறங்க முடியும். இந்தக் குறைவுதான் மெட்டுக்கு அதன் குணத்தைத் தருகிறது.

பியானோவில் எல்லா ராகமும் வாசிக்க முடியும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டேதான் இருக்கும். பியானோவின் சுத்தியலோ தந்தியை ஒருமுறை அடித்துவிட்டு விலகிவிடுகிறது. அந்தச் சுரங்களை அதே வரிசையில் வெள்ளைக் கட்டைகளில் தட்டினால் தோடியின் பெயர்ப்பட்டியல் கிடைக்கும், தோடி கிடைக்காது. கமகத்தை, அதாவது சுரத்தை இப்படி அசைப்பதை, அதிகம் நம்பாத ராகங்களைப் பியானோவுக்கு எடுத்துக்கொள்வது அந்த ராகங்களுக்கும் பியானோவுக்கும் நாம் தரும் மரியாதை.

நிஜமான பியானோ எனக்குக் கிடைத்தது சென்னைக்கு மாற்றலாகி வந்த பிறகு, தொண்ணூறுகளில். பழைய பிரிட்டிஷ் அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் வகை), 88-க்குப் பதில் 85 கட்டைகள். திருவான்மியூரில் கடற்காற்று படும் வீடு. ட்யூன் செய்ய வந்தவர் முன்பலகையைக் கழற்றித் தந்திகளைத் தடவிப் பார்த்து, "இத 440-க்கு ஏத்தச் சொல்லாதீங்கம்மா, தந்தி ஒண்ணொண்ணா அறும்" என்றார். 440 ஹெர்ட்ஸ் என்பது ஏ சுரத்துக்கு இன்று பொதுவாக வைக்கும் அளவு. பியானோவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள். எல்லாம் சேர்ந்து சட்டத்தின்மேல் 15 டன்னுக்கும் அதிகமான இழுவிசை. துருப்பிடித்த தந்தியை ஏற்றுவது நிஜமாகவே ஆபத்து. அரைக்கட்டை குறைவாகவே வைத்துக்கொண்டோம். மழைக்காலத்தில் உள்ளே சிறிய பல்பு ஒன்றை எரியவிடச் சொன்னார். ஈரத்தால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளாமல் அது காத்தது. கடலோர ஊரில் பழைய பியானோ வாங்க நினைப்பவர்கள் மரத்தின் பளபளப்பைப் பார்க்காமல், ட்யூனிங் முளைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஃபெல்ட்டைப் பூச்சி அரித்திருக்கிறதா, ஒலியைப் பெருக்கும் பின்பக்கப் பலகையான சவுண்ட்போர்டில் விரிசல் உண்டா என்று அறிந்தவரை அழைத்துவந்து பாருங்கள். வாங்கும் விலையைவிட அதைப் பேணும் செலவுதான் நீளமானது.

ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தியிருக்கும்வரை சுரம் அதே பலத்தில் நிற்கும். பியானோவில் அடித்த கணத்திலிருந்தே அது தேயத் தொடங்கும். கோயிலில் பழகிய நீண்ட, அசையாத கார்டுகள் இங்கே சீக்கிரமே மெலிந்தன. ஆகவே இடது கையை நடக்கவிட்டேன், உடைத்து வாசித்தேன், பெடலைப் பாதி மட்டும் அழுத்திப் பழகினேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் கடையில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் இரண்டு குரல் இன்வென்ஷன்கள் அச்சுப் புத்தகம் வாங்கினேன். 1723-இல் எழுதிய முகப்பில், இரண்டு குரலைத் தெளிவாக வாசிக்கக் கற்பதோடு இசையமைப்பின் ருசியையும் கற்பவர் பெற வேண்டும் என்று பாஹ் குறிப்பிடுகிறார். மொத்தம் 15 சிறு பாடல்கள். ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் குறியீட்டை நான் கற்றது இவற்றுக்காகத்தான். இடது கை மெட்டுக்குத் துணையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, அதுவும் பேசலாம் என்பதை இவற்றைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. தானாகக் கற்பவர் ஒரே ஒரு நூல் வாங்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

கணினி வந்தபின் வாத்தியார் இன்னும் கண்டிப்பானார். 1983-இல் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த ஏற்பாடு மிடி. அதில் ஒலி பதிவாவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகத்தில் அழுந்தியது, எப்போது விடப்பட்டது என்ற கணக்குதான் பதிவாகும். அந்த வேகத்துக்கு 127 வரை எண். டிஜிட்டல் பியானோவைக் கணினியில் இணைத்து ஒரு மெட்டை வாசித்து எண்களைப் பாருங்கள். என் சுண்டுவிரலில் விழும் மெட்டுச் சுரங்களைவிடக் கட்டைவிரலில் விழும் துணைச் சுரங்கள் பலமாக இருந்ததை எண்கள் காட்டின. கேட்கும்போது மெட்டு தெளிவாக இல்லை என்று மட்டும் தோன்றியதற்குக் காரணம் அங்கே அச்சடித்ததுபோல் கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, சுண்டுவிரலை மட்டும் ஓங்கி, மற்ற விரல்களைத் தணித்து மெதுவாக வாசித்துப் பழகினேன். மென்பொருளில் தாளத்தை நேராக்கும் குவாண்டைஸ் வசதியை மட்டும் முழு அளவில் போடாதீர்கள். வரி முடிவில் இயல்பாக வரும் சிறு தயக்கத்தையும் அது துடைத்துவிடும்.

கட்டையை அழுத்தியபின் தாமதித்துச் சத்தம் வந்தால் மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது ஒலியை அனுப்புமுன் அது சேர்த்துவைக்கும் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கையை, குறையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட், விரலுக்குத் தெரியாது. 1024 என்றால் 23 மில்லிசெகண்ட், அதில் தாளம் நிற்காது.

நிஜப் பியானோவை வீட்டில் பதிவது இதைவிடச் சிரமம், இதைவிட இன்பம். நம் வீடுகளில் சிமெண்ட் சுவரும் மொசைக் தரையும் ஒலியை எறிந்துகொண்டே இருக்கும். பீரோவைத் திறந்து துணிகளை வெளியே தெரியும்படி வைப்பேன், எதிர்ச் சுவரில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுவேன், தரையில் மெத்தை. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், குளிர்ப்பெட்டியையும். இவற்றோடு தெருவும் அமைதியாக இருப்பது விடியலுக்கு முன்புதான். பதிவில் அடியில் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும்தான். எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள், வீட்டு எர்த்தைச் சரிபாருங்கள். லேப்டாப்பை அந்த நேரத்துக்குப் பேட்டரியில் ஓட்டினாலே பல வீடுகளில் இது அடங்கிவிடும்.

மைக் இரண்டு கண்டென்சர் போதும். அவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியில் இணைக்கும் பெட்டி, வேண்டும். அப்ரைட் பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்திவிட்டு, பின்பக்கச் சவுண்ட்போர்டுக்கு எதிரே வைத்துப் பாருங்கள், பிறகு மேல்மூடியைத் திறந்து மேலிருந்து. என் பியானோவுக்குப் பின்பக்கம்தான் பிடித்திருக்கிறது. சுத்தியல் சத்தமும் நாற்காலி முனகலும் அங்கே குறைவு. இரண்டு மைக்கையும் சேர்த்து மோனோவில் ஒருமுறை கேளுங்கள். கீழ்ச்சுரங்கள் திடீரென்று மெலிந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள், ஒன்றைச் சிறிது நகர்த்தினால் சரியாகும். 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்பு விளக்குவரை ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை போன்ற இடங்கள் ஒலி அளவைத் தாங்களே சமன்செய்துவிடுவதால், பாட்டை அமுக்கிப் பிழிந்து சத்தமாக்குவதில் பயனில்லை. பியானோவின் மென்மையும் பலமும்தான் அதில் பலியாகும்.

தம்பூரா சேர்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பியானோவின் அந்தர காந்தாரம், தம்பூராவிலிருந்து இயல்பாகப் பிறக்கும் காந்தாரத்தைவிட 14 செண்ட் கூடுதல் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 செண்ட்). ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து ட்யூன் செய்வதால் வந்தது இது, அந்த முறையை மாற்றாதவரை நீங்காது. அந்தச் சுரத்தில் நீண்டு நிற்காமல் கடந்து போங்கள், அல்லது தம்பூராவைத் தணித்து வையுங்கள். நான் பெரும்பாலும் தம்பூராவை விட்டுவிட்டு, பியானோவின் கீழ் ஷட்ஜமத்தையே ஒலிக்கவிடுகிறேன்.

வெளியிடும்போது தெரிந்திருக்க வேண்டியது, மெட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு என்பது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டும் தனித்தனி உரிமைகள். மெட்டுக்கு உங்கள் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும். பதிவு செய்துகொள்வது கட்டாயமில்லை, ஆனால் எழுதிய தாள், தேதியோடு உள்ள கோப்புகள், பழைய நாடாக்கள் எல்லாம் சான்றாக இருக்கட்டும். என் நாடாக்களைக் கணினிக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு பாட்டையும் வேவ் கோப்பாகவும் மிடி கோப்பாகவும் சேமிக்கிறேன். தொண்ணூறுகளின் மிடி கோப்பு இன்றும் திறக்கிறது. அதே காலத்து மென்பொருளின் சொந்தக் கோப்புகள் திறப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் கறுப்புக் கட்டைகளின் ஐந்து ராகங்களுக்கும் ஒவ்வொரு சிறு பாடலாக எழுதிப் பதிந்துவருகிறேன். நான்கு முடிந்தன. சுத்த சாவேரி மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதற்குள் கிடைக்கும் கார்டுகள் இரண்டுதான், இரண்டுமே மத்யமத்தின் பக்கம் இழுப்பவை. இடது கை அங்கே தொட்டதுமே காது மத்யமத்தை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டு, பாட்டு மோகனமாகிவிடுகிறது. ஷட்ஜமம், பஞ்சமம் மட்டும் வைத்துப் பதிந்து கேட்டேன், ராகம் நின்றது, பாட்டு வறண்டது. ரிஷபத்தில் (ரி) கூடுதலாக நின்று பதிந்தேன், கொஞ்சம் தேவலாம். அடுத்த பதிவில் இடது கையை முதல் பாதிக்கு முழுதாக எடுத்துவிட்டு, வலது கையை மட்டும் வைத்துக் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.